ஒன்பது தசம் எட்டு ஒன்று

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பூமியின் ஈர்ப்பைத் திருத்தி எழுதி அகப்பட்ட மடையன் நான். புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் வயதைத் திருத்தியிருக்கிறார்கள், பெயரைத் திருத்தியிருக்கிறார்கள். புவியீர்ப்பில் கை வைத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

மொன்றியலில் நேராகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியாது. முதலில் சீஜெப் என்ற கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் முடித்து, நல்ல புள்ளி எடுத்தால்தான் எஞ்சினியரிங்குக்கு மாறிப்போகலாம். அங்கே படிப்பவர்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயது. எனக்கு முப்பத்து நான்கு. முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் கதையை நிறுத்தி, தொலைபேசிகளைப் பைக்குள் வைத்தார்கள். ஒருவன் எழும்பி "போன்ஜூர் மிஸ்யூ" என்றான். நானும் பெருந்தன்மையாகத் தலையசைத்துவிட்டுப் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். தொலைபேசிகள் மறுபடி வெளியே வந்தன.

என்னை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்ட மனைவி ஜெனிற்றா கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பராமரிக்கிறாள். "ரெண்டு வருஷம் வீட்டை நான் பாக்கிறன், நீங்கள் படியுங்கோ" என்றவள் அவள்தான். ஆனால் நாங்கள் இருக்கும் ரொக்ஸ்பரோவில் எங்கள் தேவாலயப் பங்கு மக்களுக்கு இரண்டு வருஷம் பொறுக்க நேரமில்லை. பூசை முடிந்ததும் சூசை அண்ணை என் கையைப் பிடித்தார்.

"இஞ்சினியர் தம்பி, என்ரை பேஸ்மென்ற் சுவர் வெடிச்சுப்போச்சு. ஒருக்கா வந்து பாருமன்."

"அண்ணை, நான் இப்பதான் சீஜெப் தொடங்கியிருக்கிறன்."

"அதுக்கென்ன, சின்ன வெடிப்புத்தான்."

இப்படிப்பட்ட கீர்த்தியோடுதான் கல்லூரியின் பௌதிக ஆய்கூடத்துக்குள் போனேன். எளிய ஊசல். நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, நேரம் எடுத்து, ஈர்ப்பைக் கணிக்க வேண்டும். சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஏ.எல். படிக்கும்போது தண்ணீர்பட்ட பாடாக இருந்த பரிசோதனை. விடை 9.81. ஆட்டிப் பார்த்தேன், 9.3 வந்தது. மறுபடி ஆட்டினேன்; 9.2. பக்கத்து மேசையில் கமீல் என்ற பெண்ணுக்கும் 9.4. பாவம், பிள்ளை பிழையாகச் செய்திருக்கிறதே என்று இரங்கி, "உன்னுடையதையும் திருத்தித் தரட்டுமா?" என்று கேட்டேன். களவெடுத்த சாமானை விற்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நான் என் எண்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, மனப்பாடமாக இருந்த அட்டவணையை அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்டொப் வோட்ச் ஒன்று இருந்தது. அது அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரித் திறப்பு அதிபரிடம் இருந்தது. அதிபர் கூட்டத்தில் இருந்தார். ஆகவே முந்திய வருஷ அண்ணன்மாரின் கொப்பியிலிருந்து நாங்களும், எங்கள் கொப்பியிலிருந்து தம்பிமாரும் எழுதினோம். நூல் ஒரு மீற்றர், அலைவுகாலம் 2.006 செக்கன், ஈர்ப்பு 9.81. தலைமுறை தலைமுறையாக ஒரு புள்ளி பிசகவில்லை.

அடுத்த கிழமை கமீலுக்கு இருபதுக்குப் பதினெட்டு. எனக்குப் பூச்சியம். மதாம் ஜினெட், எங்கள் ஆசிரியை, பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்: "உங்கள் நூல் நூறு சென்ரிமீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வெட்டித் தந்தது எழுபது."

பூச்சியம் நின்றால் பாடம் போகும். பாடம் போனால் இரண்டு வருஷத்தில் பல்கலைக்கழகம் இல்லை. ஜெனிற்றாவுக்கு இன்னொரு வருஷம் தனிச் சுமை. கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை தன் கண் முன்னால் திரும்பச் செய்யலாம், ஒரே ஒரு தரம் என்றார்.

வீட்டில் ஜெனிற்றா கேட்டாள்: "என்ன பிழை விட்டனீங்கள்?"

"பிழை விடேல்லை. அதுதான் பிழை."

அவள் சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கு விளங்கேல்லை. வெள்ளிக்கிழமை போய் ஒழுங்காப் பிழை விட்டிட்டு வாங்கோ."

போனேன். ஆட்டி நேரம் எடுத்ததில் 9.31 வந்தது. மூன்றை எட்டாக்க ஒரு சுழிப்புப் போதும், பேனை அரித்தது. மதாம் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அப்படியே எழுதினேன். பிறகு "வழுக்கள்" என்ற பகுதி. ஊரில் அந்தப் பகுதிக்கு எங்களுக்கு வேலையே இருந்ததில்லை. இங்கே பாதிப் புள்ளி அதற்குத்தான். பிழையை ஒத்துக்கொண்டால் புள்ளி போடுகிற நாடு! எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டங்களில் இதை அறிமுகப்படுத்தினால் ஒருவரும் பாஸ் பண்ணமாட்டோம். ஸ்டொப் வோட்சை அமத்தப் பிந்திய விரல், யன்னல் காற்று, என் வயது என்று ஒன்றரைப் பக்கம் நிரப்பினேன்.

யாழ்ப்பாணத்துக்கும் மொன்றியலுக்கும் நடுவில் ஆடுகிற ஊசல் நான் என்று எழுதி இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கும் ஆசைதான். எழுதினால் மதாம் நூலின் நீளம் கேட்பார்.

அவர் வாசித்து முடித்து, சிவப்புப் பேனையால் பதினேழு என்று போட்டார். பாடம் தப்பியது, ஜெனிற்றாவின் வருஷமும் தப்பியது. "மெர்சி" சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வாய் சும்மா கிடக்கவில்லை. இங்கே மீனில் ருசியில்லை, வெயிலில் சூடில்லை என்று பூசை முடிய எல்லாரும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த வாய்.

"எங்களுடைய ஊரில், மதாம், எப்போதும் சரியாக 9.81தான் வரும்" என்றேன்.

அவர் பேனையை மூடினார்.

"அங்கே அளந்தீர்களா?"