ஏழுமலை அண்ணனும் நாலு டிஸ்க் பெட்டியும்

ஏழுமலை அண்ணன் செத்துப்போய்விட்டார். நேற்று சாயங்காலம்... மாரடைப்பாம். முப்பத்தொன்பது வயது.

திருவண்ணாமலையில் நான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்த ஸ்டுடியோவில் அவர் லைட் பிடிக்க வந்தவர். கடைசிவரை அவருக்குப் பெயர் லைட்மேன்தான். ஆனால் எடுத்த படமெல்லாம் சேமித்து வைத்திருந்த எங்கள் சர்வரைக் கட்டிக் காத்தவர் அவர்.

2005 வாக்கில் முதலாளி சென்னையிலிருந்து ஒரு ரெய்டு பெட்டி வாங்கி வந்தார். உள்ளே நாலு ஹார்ட் டிஸ்க், சேர்ந்து ஒரே டிஸ்க் மாதிரி வேலை செய்யும். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றை வைத்துப் படங்களை மீட்டுவிடலாம்.

கடையில் யாரும் ரெய்டு என்று சொல்லக் கூடாது, கேட்கிறவன் வருமான வரிக்காரன் வந்துட்டான்னு நினைப்பான் என்று முதலாளி உத்தரவு போட்டார். அதனால் அது 'நாலு டிஸ்க் பெட்டி' ஆனது.

மாட்டிக் கொடுக்க வந்த இன்ஜினியர் இங்கிலீஷில் ஏதோ விளக்கிவிட்டு மதிய பஸ் ஏறிவிட்டார். எங்களில் அதைக் கவனித்த ஒரே ஆள், பக்கத்தில் டார்ச் பிடித்து நின்ற ஏழுமலை அண்ணன்.

தினமும் கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். வந்ததும் டீ கூடக் குடிக்காமல் நாலு பச்சை விளக்கையும் பார்ப்பார். சித்திரை வெயிலில் ஃபேனைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். நான் முணுமுணுத்தால், "உனக்கு வேர்த்தா தொடச்சிக்கோ. அதுக்குக் கையா இருக்குது?" என்பார்.

அண்ணன் காலனி. நானும் முதலாளியும் ஒரே சாதி. இதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

ஆயுத பூஜை அன்றைக்கு உள்ளே வராதே என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அப்படியெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பூஜை தொடங்கும் நேரம் பார்த்து அவரைப் பொரி வாங்க அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

பெட்டியை அணைத்துவிட்டு, மேலே ஒரு பொட்டு போதும் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போனார். நாங்கள் கேமரா, ட்ரைபாட், ஸ்டேப்ளர் வரைக்கும் துடைத்தோம். டிஸ்க் மட்டும் ஆயுதம் இல்லையா என்று முதலாளி கேட்டார்.

நாலையும் உருவினேன். ஈரத் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கைக்கு வந்த வரிசையில் திருப்பிச் சொருகினேன்.

மறுநாள் காலை ஆன் செய்தால்... ஒரு படமும் இல்லை. திரையில் இங்கிலீஷில் ஒரு கேள்வி, 'இனிஷியலைஸ்' பண்ணவா என்று.

செலவு குறைய வேண்டும் என்று பழைய டேப்பிலேயே அடுத்த கல்யாணத்தை எடுப்பது எங்கள் வழக்கம். எனவே பதினோரு கல்யாணம் அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. முன்னறையில் தண்டராம்பட்டுப் பெண் ஒருவர் டிவிடிக்காக உட்கார்ந்திருந்தார். அவர் கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் அவருடைய அப்பா இறந்திருந்தார்.

திரையில் இருந்த கேள்வியை, ஆரம்பிக்கட்டுமா என்று கேட்பதாக முதலாளி புரிந்துகொண்டார். ஆமாம் என்று அழுத்த விரலை நீட்டினார்.

ஏழுமலை அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"மொதலாளி, வேணாங்க. இத அமுக்கினா எல்லாமே அழிஞ்சிடும். அந்தப் பொண்ணோட அப்பா இதுலதான் இருக்காரு."

ரூமில் ஐந்து பேர் இருந்தோம். யாரும் திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தோம்.

ஸ்டிக்கர் வெயிலுக்கு உரிந்துவிடும் என்று ஒவ்வொரு டிஸ்க்கின் ஓரத்திலும் அவர் ஏற்கெனவே ஊசியால் எண் கீறி வைத்திருந்தார். குங்குமத்தைச் சுரண்டி, எண்ணைப் பார்த்து, வரிசையாகச் சொருகினார். மூன்று விளக்கு பச்சை. இரண்டாவது டிஸ்க்கில், பெட்டியோடு சேரும் பின்களுக்குள் சந்தனம் இறங்கியிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிது போட்டார். மற்ற மூன்றிலிருந்து அது நிரம்ப ஒன்றரை நாள் ஆகும், அதற்குள் இன்னொன்று போனால் எல்லாம் போய்விடும், யாரும் கிட்டே வராதீர்கள் என்றார்.

பதினோரு கல்யாணமும் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலமே அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். டிஸ்க்குக்காக இல்லை. "என் கையப் புடிக்கிற அளவுக்கு வந்துட்டான்" என்று முதலாளி எங்களிடம் சொன்னார்.

உருவியது யார் என்று முதலாளிக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும், என் கட்டைவிரலில் குங்குமக் கறை போயிருக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பயம். வேறு காரணம் கண்டுபிடித்துச் சொல்ல விரும்பவில்லை.

மறுநாள் மதியம் ஸ்டுடியோ போன் அடித்தது. காயின் பூத்திலிருந்து அண்ணன்.

"டேய், ரெண்டாவது லைட்டு இன்னா கலரு?"

"ஆரஞ்சுண்ணே. மின்னிக்கினே இருக்குது."

"மின்னட்டும். ராத்திரிக்குப் பச்ச ஆயிடும். அந்தப் பொண்ணு வந்துச்சா?"

"டிவிடி வாங்கிக்கினு போயிடுச்சுண்ணே."

"செரி, வெச்சிடறேன்."

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை... திட்டியிருக்கலாம்.

அப்புறம் விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண் குழந்தைகள்.

இன்று மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். ஸ்டுடியோவில் கூட வேலை பார்த்தவர்கள் வாருங்கள். தெருமுனையில் நின்று மாலையைக் கொடுத்தனுப்பாமல், வீட்டுக்குள் வாருங்கள்.

அன்னிக்கு டிஸ்க்க உருவினது நான்தாண்ணே.

போயிட்டு வாங்க.