ரெட்டை ஸ்பேனர்காரரின் இடது கை

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "ரெட்டை ஸ்பேனர்" என்றால் முடிவெட்டுகிறவர்கூடக் கத்தரியை நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வழி சொல்வார்.

பட்டப்பெயருக்குக் காரணம் இதுதான். ஒரு குழாயின் நட்டைத் திருகும்போது, அது உட்கார்ந்திருக்கும் அடித்துண்டை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் நட்டோடு சேர்ந்து அடியும் திரும்பி, உள்ளே எதையாவது முறித்துவிடும். அவசரத்தில் பல மெக்கானிக்குகள் இந்த இரண்டாவது ஸ்பேனரை மறப்பார்கள். இவர் மறந்ததில்லை, மறந்தவர்களைச் சும்மா விட்டதுமில்லை. "கடவுள் எதுக்கு ரெண்டு கை குடுத்தாரு? ஒண்ணைக் கன்னத்துல வெச்சுக்கவா?" என்பார்.

ஒர்க்‌ஷாப் மனைவியின் தம்பியுடையது. இடம் மச்சினனுடையது என்றாலும், வண்டிகள் வந்தது மாமாவை நம்பி. இருவரைத் தவிர அங்கே வேறு ஆள் இல்லை. "மாமாவுக்கு ரெண்டு டம்ளர் டீ கொண்டாங்க, ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இன்னொண்ணைக் குடிப்பாரு" என்று மச்சினன் கேலி செய்வான். அதை அவரும் ரசிப்பார்.

மழைக்காலத்துக்குச் சற்று முன்பு இடது கை மரத்துப்போகத் தொடங்கியது. முதலில் சுண்டுவிரல், பிறகு உள்ளங்கை. கட்டைவிரலுக்குக் கீழே இருந்த சதை வற்றிப் பள்ளம் விழுந்தது. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். கழுத்தெலும்பு நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்தாலும் போன பலம் திரும்புமென்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

"கையால செய்யற வேலையெல்லாம் விட்ருங்க."

"வேற எதால செய்யறதுங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. வேலை போனால் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப் பட்டன் போட முடியாமல், தலை வழியாக மாட்டும் பனியன் சட்டைகளுக்கு மாறினார். "இந்த வயசுல யாரு பார்க்க இந்த ஸ்டைலு?" என்று சிரித்தாள் மனைவி. மாத்திரைகளை ஊரின் அந்தக் கோடியில் வாங்கினார். தெருமுனையிலிருக்கும் மருந்துக்கடையில் வாங்கினால் செய்தி தனக்கு முன்னால் வீடு போய்ச் சேரும்.

அந்த மருந்துக்கடைக்கார அம்மாவின் கார்தான் ஒரு நாள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. அந்த அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கால் சூம்பியிருந்தது. கம்பி வைத்த பூட்ஸ் போட்டு நடப்பார். கிளட்ச் மிதிக்க வேண்டியிராத ஆட்டோமேட்டிக் கார் என்பதால் பழையதாகப் பார்த்து வாங்கி, தானே ஓட்டினார்.

"அண்ணே, நிறுத்துற எடத்துலல்லாம் செகப்பாச் சொட்டுது. பக்கத்து வீட்டுக்காரர் யாரு மேலயாவது வண்டிய ஏத்திட்டியான்னு கேக்கறாரு."

இவர் குனிந்து, தரையில் விழுந்த சொட்டை விரலில் தொட்டு முகர்ந்தார். "கியர் ஆயில். கியர் பாக்ஸ் சூட்டைத் தணிக்க இந்த ஆயில் ஒரு கம்பிக்குழாய் வழியா ரேடியேட்டருக்குப் போயிட்டு வரும். அந்தக் குழாய் துருப்பிடிச்சிருக்கு."

"பெரிய செலவா?"

"கவனிக்காம ஓட்டினாத்தான் பெரிசு. வெச்சுட்டுப் போங்கம்மா, சாயங்காலம் தர்றேன்."

பழைய குழாயைக் கழற்றுவது சுலபமாக முடிந்தது. அதன் நடுவே, கிளிப் உரசிய இடத்தில் ஊசி முனை அளவு ஓட்டை. புதுக்குழாயின் ஒரு முனையைக் கியர் பாக்ஸில் பொருத்தினார். மறுமுனை ரேடியேட்டரின் அடித்தொட்டியில் சேர வேண்டும். அந்தத் தொட்டிக்குள்ளே தண்ணீருக்கு நடுவில் ஆயில் தனி அறையில் ஓடும். வெளியே அடித்துண்டு திரும்பினால் உள்ளே அந்த அறையின் மூட்டு விட்டுப்போகும். இரண்டு ஸ்பேனர் கட்டாயம் வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி இடது கையில் ஸ்பேனரைக் கொடுத்துப் பார்த்தார். விரல்கள் மூடின, ஆனால் பிடிக்கவில்லை. ஸ்பேனர் நழுவி மார்பில் பட்டுத் தரையில் விழுந்தது.

சத்தம் கேட்டு மச்சினன் குனிந்து பார்த்தான். "நான் ஒரு கை பிடிக்கட்டுமா மாமா?"

"நீ போயி அந்த பிரேக்கப் பாரு மாப்ளே. இதுக்கு எதுக்கு ஊர்வலம்?"

அவன் போய்விட்டான். இவர் ஸ்பேனரின் வாலை வண்டிச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். கைக்குப் பதில் இரும்பு பிடித்துக்கொள்ளட்டும். வலது கையால் நட்டை இறுக்கினார். கடைசித் திருப்பில் முட்டு வழுக்கியது. அடித்துண்டு ஒரு மயிரிழை திரும்பியதை வலது கை உணர்ந்தது. அந்தக் கைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தார். எங்கும் சொட்டவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. எதுவும் ஆகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் அந்த அம்மா வந்தார். இவர் சாவியை வலது கையால் கொடுத்து, அதே கையால் கதவைத் திறந்து, அதே கையால் மூடினார்.

"இடது கை எப்பலேர்ந்துண்ணே?"

"என்னது?"

"மறைக்கிறது எனக்குத் தெரியும்ண்ணே. பள்ளிக்கூடம் பூரா நான் சுவரோரமாவே நின்னவ."

"குளிர்ல மரத்திருக்கும்மா. வேற ஒண்ணுமில்ல."

அந்த அம்மா சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார்.

அதன்பின் தினமும் காலையில் இவர் மருந்துக்கடை வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். கார் நின்ற இடத்தில் தரை காய்ந்திருந்தது. அதில் இவருக்கு நிம்மதியில்லை. உள்ளே மூட்டு விட்டிருந்தால் வெளியே சொட்டாது. முன்மூடியைத் திறந்து பார்க்கலாம்தான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்.

ஒரு நாள் காரை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. மச்சினன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். உள்ளே ரோஸ்மில்க் நிறத்தில் நுரை கட்டிக்கிடந்தது. தண்ணீரும் ஆயிலும் கலந்து, கியர் பாக்ஸுக்குள்ளும் போயிருந்தது.

"பழைய ரேடியேட்டரும்மா, தானா உள்ள விட்டிருக்கு" என்றான் மச்சினன். நம்பித்தான் சொன்னான். "மாமா மாட்டின குழாயைப் பாருங்க, ஒரு சொட்டு இல்ல. இது உங்க நேரம், நாங்க என்ன பண்றது."

அந்த அம்மா தலையாட்டினார். சண்டை போடவில்லை. பூட்ஸ் காலை ஒரு பக்கம் சாய்த்து வைத்து, காரின் மேல் கையூன்றி நின்றார். பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்துவிடும் என்பது இவருக்குத் தெரிந்தது.

"ரேடியேட்டர் மேல தப்பு இல்ல மாப்ளே. நான்தான்."

"சும்மா இருங்க மாமா. நீங்களாவது ஒத்தை ஸ்பேனர்ல..."

"அந்த ஸ்பேனரை எடுத்து இதுல குடு." இடது கையை நீட்டினார்.

மச்சினன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். விரல்கள் மூடின. ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் விழுந்து, குதித்து, அடங்கியது. யாரும் அதை எடுக்கவில்லை.

"நான் பிடிக்கட்டுமான்னு கேட்டேனே மாமா" என்றான் அவன்.

அக்காவுக்கு அவன்தான் சொன்னான். வீட்டில் அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பனியன் சட்டைகளில் ஒன்றைக் கையிலெடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் என்ன வேத்தாளா? பட்டன் போட்டு விட்டிருக்க மாட்டேனா?"

கேட்டுவிட்டு அந்தச் சட்டையை மட்டும் மடிக்காமல் ஒதுக்கி வைத்தாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

கியர் பாக்ஸைப் பிரித்துக் கழுவ வெளியூருக்கு அனுப்பினார்கள். செலவை ஒர்க்‌ஷாப் ஏற்றுக்கொண்டது. ஆனால் கார் திரும்பும்வரை அந்த அம்மா பஸ்ஸில் வந்துபோனார். கண்டக்டர் அவசரப்படுத்த, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவதை இவர் ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து பார்த்தார். ஒருமுறை அவர் இந்தப் பக்கம் திரும்பிக் கையசைத்தார். பதிலுக்கு அசைக்க இவருடைய எந்தக் கையும் எழவில்லை.

புது ரேடியேட்டர் வந்ததும் மச்சினனே வண்டிக்கு அடியில் படுத்தான். பழக்க தோஷத்தில், "மாமா, பிடிங்க" என்றான். சொன்ன பிறகுதான் நினைவு வந்து வாயை மூடிக்கொண்டான். இவர் பக்கத்தில் போய்ப் படுத்து, அடித்துண்டில் ஸ்பேனரை மாட்டி வலது கையால் பிடித்தார். அவன் நட்டைத் திருகினான். அடி அசையவில்லை.

"போதும் மாமா, விடுங்க. டைட் ஆயிடுச்சு."

இவர் விடவில்லை.

"மாமா."

விட்டார். வண்டிக்கு அடியில் அவர் செய்த கடைசி வேலை அது.

மறுநாள் மனைவி பட்டன் போட்டுவிட்ட முழுக்கைச் சட்டையோடு வந்தார். மச்சினன் வாசலோரம் ஒரு மேசை நாற்காலி போட்டிருந்தான். ஃபோனை எடுப்பதும், எந்த வண்டி, என்ன கோளாறு என்று எழுதிக்கொள்வதும் இனி அவர் வேலை.

ஃபோன் அடித்தது. வலது கையால் எடுத்தார். மறுமுனையில் இருந்தவர் அவசரத்தில் இருந்தார்.

"வண்டி நம்பரைச் சொல்றேன், எழுதிக்கங்க."

பேனா மேசைமேல் இருந்தது. ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொள்ளக் கழுத்து வளையவில்லை.

"எழுதறீங்களா?"

"ஒரு நிமிஷம் இருங்க" என்றார். பிறகு உள்ளே பார்த்து மச்சினனைக் கூப்பிட்டார்.