ஜோதிமணி பூசிய நீலம்

ஜோதிமணி கர்நாடகத்து ஹனூர்ப் பக்கம் மழையை நம்பி மானாவாரிப் பயிர் செய்யும் தமிழ்க் குடும்பத்துப் பெண். மழை தொடர்ந்து ஏமாற்றியதால் பிழைப்புத் தேடி மைசூருக்கு வந்து, விஜயநகரில் எங்கள் சின்ன வரைபட அலுவலகத்தில் சேர்ந்தாள். 1998-இல் அங்கே கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் ஜி.ஐ.எஸ். மென்பொருள் வந்தது. இருபது வருடம் மைப்பேனா பிடித்த நான் அந்தக் கம்ப்யூட்டரைக் கண்டாலே பத்தடி தள்ளி நின்றேன். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். காகிதப் படத்திலிருந்த மேடுபள்ளக் கோடுகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். தப்பானால் அழித்தாள், மறுபடி போட்டாள். மூன்று மாதம் இதே பாடு.

முதல் வேலையே அவள் ஊர் ஓடைதான். பெருமழை கொட்டினால் வெள்ளம் எதுவரை ஏறும் என்று காட்டும் படம். அவள் அப்பா கரியப்பனின் வீடு பள்ளத்தில் இருந்தது. கணக்குப்படி அங்கே ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஏறும். மேட்டில் அவருக்கே ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தும், அவர் இடம் மாற மறுத்தார். இந்தப் படத்தைப் பார்த்தாவது மாறமாட்டாரா என்று தவியாய்த் தவித்தாள்.

எங்கள் தொழிலில் தண்ணீர் என்றால் நீலம். யோசிக்காமல் அதையே பூசினோம். படத்தை ஊர்ச் சாவடியில் மாட்டியதும் கூட்டத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. கரியப்பன் படத்தில் தன் வீடும் நிலமும் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“ஏன் அம்மிணி, வாய்க்காத் தண்ணி நம்ம காடு வரைக்கும் வருதா?”

பக்கத்து நிலத்துக்காரி பசம்மா விடவில்லை. “எங்க காட்டுக்கும் கொஞ்சம் நீலம் பூசி உடு கண்ணு!”

 எனக்கு எங்கள் மேலேயே ஆத்திரம் வந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஆபத்துக்கு இவர்கள் ஏங்கும் நிறத்தைப் பூசியிருக்கிறோமே!

மைசூருக்குத் திரும்பி வந்து ஜோதிமணி அந்த நீலத்தை நீக்கினாள். முழங்கால் ஆழத்துக்கு மஞ்சள், இடுப்புக்கு ஆரஞ்சு, ஆள் உயரத்துக்குச் சிவப்பு. கோயில், பள்ளிக்கூடம், ஒவ்வொரு வீடு என்று பெயரெழுதினாள். மறுவாரம் அதே சாவடியில் மாட்டியபோது யாரும் சிரிக்கவில்லை.

கரியப்பன் சிவப்பை வெகுநேரம் பார்த்தார்.

“நெசமாலுமே இத்தனை தண்ணி வருமா?”

“வருமுங்கப்பா. மேட்டுக்கு வந்துருங்க.”

“வந்தர்றேன். ஆனா ஓடை தெரியற பக்கமா வாசல் வெச்சுக் குடு அம்மிணி. அத்தனை தண்ணி வாறதைப் பாக்காம நான் கண்ணை மூடிறக் கூடாது.”

“நானும் பாக்கோணுமுங்கப்பா” என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால் அழுதாள்.