முட்டைத் தலையில் முடி முளைக்காத காரணம்

முட்டைக் கோதில் கண், வாய் வரைந்து, மண் நிரப்பி, மல்லி விதை போட்டால் தலைமுடி மாதிரி முளைக்குமாம். அக்காவின் ஆறு வயது மகள் தியா அதை வெள்ளிக்கிழமை வகுப்பில் காட்ட வேண்டும்.

இரண்டு வாரமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை.

நான் எஞ்சினியர், சும்மா இருப்பேனா? மண்ணின் ஈரத்தை அளந்தேன். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்ஈடி லைட் வாங்கிப் பூட்டினேன். ஏப்ரலிலும் பனி கொட்டுகிற இந்த ஊரைத் திட்டினேன்.

இன்று காலை குசினியில் அம்மாவின் சத்தம்.

"ஆரடா இந்தப் போத்தலுக்குள்ள கை வைச்சது? கறித்தூளுக்கெண்டு வறுத்து வைச்ச மல்லியெல்லோ!"

"வறுத்ததோ? ரெண்டு கிழமையா லைட் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், ஒரு சொல்லுச் சொல்லேல்லையே அம்மா!"

"நீ என்னட்டைக் கேட்டனியே? ஏதோ ஒபிஸ் வேலையெண்டு நினைச்சன்."

தியா மொட்டை முட்டையைப் பார்த்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள்.

"இட்ஸ் ஓகே மாமா. ரீச்சரிட்டை இது நீங்கள் எண்டு சொல்லுறன்."

வெள்ளிக்கிழமைக்குள் முளைக்கக்கூடிய விதை எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முட்டைக்கு மட்டும். என் தலைக்கு எந்த எண்ணெய் நல்லது என்று யாரும் எழுத வேண்டாம்.