பச்சை லேசரும் டில்லியின் முகமும்

சுவர்க் கடிகாரத்தில் எண்கள் எல்லாம் இருந்தன. முட்கள் இரண்டும் சேரும் நடு இடம் மட்டும் இல்லை. அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. கண்ணைக் கசக்கினேன், போகவில்லை. ஜன்னலைப் பார்த்தால் ஜன்னலில் இருந்தது, சமையலறையைப் பார்த்தால் சமையலறையில் இருந்தது.

ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் சிறிது நேரம் கண்ணில் நிற்குமே, அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காபி குடித்து முடித்த பிறகும் திட்டு அப்படியே இருந்தது. இது போகாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இது எப்படி வரும், வந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவனே நான்தான்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்கு நிறம் பார்ப்பது என் வேலை. கல்யாண வீட்டார் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து இதே கலர் வேண்டும் என்பார்கள். சாயப்பட்டறையிலிருந்து வரும் நூல் அதே நிறம்தானா என்று வெயிலில் பிடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இடக் கண் பிறவியிலேயே மந்தம். ஆக, இத்தனை வருடம் சம்பளம் வாங்கியது வலக் கண் ஒன்றுதான்.

பொழுதுபோக்கு என்று ஒன்று உண்டு. கைக்கு அடக்கமான லேசர் விளக்குகளைச் சோதித்துப் பார்ப்பது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை; பேனா அளவில் பச்சை லேசர்கள் சென்னைக் கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தன. மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு சக்தி போட்டிருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். புள்ளி வட்டமாக விழுகிறதா, சூடேறினால் மங்குகிறதா, கறுப்புக் காகிதத்தைப் பொசுக்குகிறதா என்று பார்ப்பேன். கரி பூசிய செப்புத் தகட்டையும் வெப்பமானியையும் வைத்து அளவுக் கருவிகூட நானே செய்திருந்தேன். முடிவுகளை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஓர் இணையக் குழுவில் எழுதுவேன். முகம் தெரியாதவர்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் லேசரைத் தொடுகிறவர்களை முட்டாள் என்றே எழுதியிருக்கிறேன்.

அன்று வாங்கி வந்த லேசர், சீட்டில் போட்டிருந்ததைவிட மிகவும் வலுவானது. அளந்து தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த ஆசை வந்தது. அரக்கு நிறப் பட்டின் மேல் இந்தப் பச்சை விழுந்தால் என்ன நிறம் காட்டும்? பாதுகாப்புக் கண்ணாடி பச்சையை முழுதாக மறைத்துவிடும், புள்ளியே தெரியாது. கழற்றி வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இழை எண்ணும் லென்ஸைத் துணிமேல் வைத்து, குனிந்து, வலக் கண்ணை அதனருகே கொண்டுபோனேன். நூலில் ஏதாவது சந்தேகம் என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் குனிவோம். உடம்பு தானாகக் குனிந்துவிட்டது. இன்னொரு கையிலிருந்த லேசர் லேசாக அசைந்தது. லென்ஸின் பளபளப்பான உலோகச் சட்டத்தில் ஒளி பட்டு நேரே கண்ணுக்குள் வந்தது. வலிக்கவே இல்லை.

என் மனைவி மல்லிகாவிடம் தூசி விழுந்துவிட்டது என்றேன். வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டுச் சில நாட்களை அப்படியே ஓட்டினேன். சாப்பிடும்போது ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றிக்கொண்டதைப் பார்த்துவிட்டு அவள்தான் என்னைச் சென்னைக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் ஒரு அம்மா. சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து, நெடுநேரம் உள்ளே பார்த்தார். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லி வைத்தேன்.

"வெல்டிங்னா ரெண்டு கண்ணும் எரியும். இது ஒரே கண்ணுல, சரியா நடுவுல இருக்கு. என்ன பார்த்தீங்க?"

மல்லிகாவைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பிவிட்டுச் சொன்னேன்.

"விளையாட்டு லேசரா?"

"விளையாட்டு இல்லீங்க டாக்டர். நான் டெஸ்ட் பண்றவன்."

சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மாக்குலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி, எழுத்தும் முகமும் நிறமும் துல்லியமாகத் தெரிவது இதனால்தான்) தீக்காயம். அதைச் சுற்றி வீக்கம். கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டையைக் காட்டினார். கோடுகள் நடுவில் வளைந்து காணாமல் போயின. ஸ்டீராய்டு (வீக்கத்தை வடியவைக்கும் மருந்து) மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"வீக்கம் வடிஞ்சா கொஞ்சம் தெளியலாம். வெந்துபோன இடம் திரும்ப வராது. அன்னைக்கே வந்திருக்கணும் நீங்க."

வெளியே வந்தபோது மல்லிகா நடைவழியில் நின்று அவள் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "வேலை பார்த்துப் பார்த்தே கண்ணு போயிடுச்சுக்கா. எந்நேரமும் நூலையே பார்த்துக்கினு இருந்தாரு, பாவம்." நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் அந்தக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. முதலாளி வீட்டுக்கே வந்து, "தொழிலுக்குக் கண்ணையே குடுத்துட்டியேப்பா" என்று தோளைத் தடவினார். மல்லிகா அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். மாத்திரையில் என் முகம் உப்பியது. நோயாளிக்குக் கிடைக்கும் மரியாதை எல்லாம் எனக்குக் கிடைத்தது. ஒவ்வொன்றும் கூசியது. யாராவது கதவைத் தட்டினால் தூங்குவதுபோலப் படுத்துக்கொள்வேன்.

பிறகு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது. எங்கள் சாயப்பட்டறை மேஸ்திரி டில்லி அந்த வருடம்தான் புதிதாக ஒரு சாயம் கொண்டுவந்திருந்தான். என் வயதுக்காரன், நெருங்கின சிநேகிதன். அந்தச் சாயத்தின் ஆவிதான் என் கண்ணைக் கெடுத்தது என்று பேச்சு கிளம்பியது. பட்டறையில் இரண்டு பேர் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். இதையும் மல்லிகாதான் வந்து சொன்னாள். நான் புரண்டு சுவர்ப் பக்கம் படுத்தேன்.

அதற்குள் என் கண் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தது. நேரே பார்த்தால் திட்டு மறைக்கும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஓரத்துப் பார்வையில் தெரியும். தெளிவாக இருக்காது, ஆனால் இன்னது என்று தெரியும்.

ஒரு மாலை டில்லி வந்தான். சாயம் ஏறிய கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அந்தச் சாயத்தை எடுத்தாந்தது நான்தான்பா. டப்பாவெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். இனிமே தொடமாட்டேன். என்னை மன்னிச்சுடு."

என்னிடம் மன்னிப்பு கேட்கிறவனின் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதற்காக அவன் தோளுக்கு அப்பால் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அவன் எழுந்துவிட்டான்.

"இன்னாப்பா, என் மூஞ்சியப் பார்க்கக்கூடப் புடிக்கலையா உனக்கு?"

"உன் மூஞ்சியப் பார்க்கத்தான்டா அந்தப் பக்கம் திரும்பினேன்" என்றேன். அதற்குமேல் தாங்கவில்லை. லேசர், கழற்றி வைத்த கண்ணாடி, தூசி என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சமையலறை வாசலில் மல்லிகா காபி டம்ளரோடு நின்றிருந்தாள்.

டில்லி திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வூட்டுக்குப் போனா எம் பொண்ணைத் தூக்கறதில்லை, தெரியுமா? இந்தக் கை அது கண்ணுல பட்டுடுமோன்னு. ஓடி வந்து காலைக் கட்டிக்குது. தள்ளி வுட்டுக்கினு இருக்கறேன்பா."

நான் அழுதேன். அவன் சமாதானம் சொல்லவில்லை.

"நாளைக்கு நீயே பட்டறைக்கு வந்து சொல்லு. நான் சொன்னா, தப்பிக்கப் பார்க்கறான்னுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். காபி ஆறிப்போயிருந்தது.

மல்லிகா டம்ளரை எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள். பிறகு, "ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பெருமையா சொல்லிக்கினு இருந்தேன். எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருந்தா வாயை மூடிக்கினு இருந்திருப்பேனே" என்றாள். அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் பட்டறைக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரோ, "உன் கண்ணுல நீயே டார்ச்சு அடிச்சுக்கினியாண்ணே?" என்று கேட்டார்கள். சிரிப்பு பட்டறை முழுக்கப் பரவியது. இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் ஒரு மனிதனை அவன் குழந்தையிடமிருந்து தள்ளி வைத்திருந்தேன். டில்லி மட்டும் சிரிக்கவில்லை. கொதிக்கும் அண்டாவில் நூலைப் புரட்டிக்கொண்டே இருந்தான்.

இணையக் குழுவிலும் எழுதினேன். பதில் போட்டவர்களில் சிலர், தங்கள் கண்ணிலும் அப்படி ஒரு திட்டு இருப்பதாகவும் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். எதனால் வந்தது என்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் போயிருந்தால் என் கண் இன்னும் தேறியிருக்குமா என்று என் டாக்டரிடம் கேட்டேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் ஊர் ஒரு காரணம் கண்டுபிடிக்கும், அந்தக் காரணத்துக்கு ஒரு ஆள் இருப்பான்.

திட்டு பாதியாகச் சுருங்கிவிட்டது, மீதி நின்றுவிட்டது. சிவப்பு எல்லாம் பலமுறை துவைத்த சிவப்பாகத் தெரிகிறது. முன்பு ஒரே பார்வையில் நிறம் சொல்வேன். இப்போது நூலைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, ஓரக் கண்ணில் பிடிபடும்வரை காத்திருந்து, டில்லியிடமும் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். மனிதர்களும் அப்படித்தான், எனக்கு மெதுவாகத்தான் வந்து சேர்கிறார்கள். நான் முகத்துக்கு நேரே பார்க்காததால், புதிதாகப் பார்ப்பவர்கள் நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன்.

போன வாரம் டில்லியின் மகள் பட்டறைக்கு வந்திருந்தாள். அடுப்புப் புகையில் அவள் கண் கலங்கியது. அவன் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நீலம் ஏறிய விரலால் கண்ணைத் துடைத்துவிட்டான். நான் அவர்களுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு, அவன் அவளை இறக்கிவிடும்வரை அசையாமல் நின்றேன்.