பூஜையில் வைத்த ஸ்விட்ச் பெட்டி

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் இருப்புக் கணக்கு பார்த்த கம்பெனியில், பேக்கிங் பெண்கள் செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அலுவலகத்தில் இருந்த எங்களுக்கு அந்த விதி கிடையாது. வீட்டில் அவசரம் என்றால் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடட்டும், ஆள் அனுப்பிச் சொல்கிறோம் என்பது மேனேஜர் அந்தப் பெண்களுக்குக் கொடுத்த வாக்கு.

அந்த ஆண்டு சித்திரையில் பழைய தொலைபேசியை எடுத்துவிட்டு இன்டர்நெட் போன்களை வைத்தார்கள். பார்க்கப் பழையது மாதிரிதான். ஆனால் பேச்சும் கரண்டும் ஒரே கேபிளில், சுவரில் மாட்டிய ஸ்விட்ச் பெட்டியிலிருந்து வரும். பெட்டி அணைந்தால் எல்லாப் போனும் ஊமை. மாட்ட வந்தவர் இதை என் எதிரிலேயே மேனேஜரிடம் சொன்னார். அவரும் தலையாட்டினார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், புதன்கிழமை. மறுநாள் விடுமுறை என்பதால் அன்று பிற்பகலே பூஜை. ஒரு லோடு போக வேண்டியிருந்ததால் பேக்கிங் மட்டும் ஓடியது. காலையில் நான் குடோனிலிருந்து வந்தால், ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர்களோடு வாழையிலையில் வைத்திருக்கிறார்கள்.

"சார், இதக் கழட்டுனா ஒரு போனும் வேலை செய்யாது."

"போனு மேசை மேலதானய்யா இருக்கு? அதுல கை வெச்சனா? பொட்டுதான வெச்சேன்" என்றார் மேனேஜர்.

"கரண்டே இதுலேர்ந்துதான் சார் போவுது. அன்னிக்கே சொன்னாங்களே."

"பூஜைக்கு வெச்சத ஆரத்தி காட்டாம எடுக்கக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் போன் இல்லன்னா குடி முழுவிடுமா?"

பேக்கிங்கில் தேங்காய்த்திட்டிலிருந்து வரும் அக்கா ஒருவர் இருந்தார். அவர் மகள் தலைப்பிரசவத்துக்குப் பக்கத்திலேயே கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். இது எனக்கு அப்போது தெரியாது. மேனேஜருக்குத் தெரியும். முந்தின நாள் லீவு கேட்ட அக்காவிடம், "போன் வந்தா ஒடனே அனுப்பறேம்மா" என்று சொன்னவரே அவர்தான்.

பூசணிக்காய் உடைத்து, பொரி வாங்கிக்கொண்டு அக்கா வாசலில் செல்போனை எடுத்துப் பார்த்தபோது மருமகனின் அழைப்புகள் வரிசையாக நின்றன. ஆபீசுக்கும் அடித்து ஓய்ந்திருக்கிறார். மகளுக்குத் திடீரென்று ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை, "அம்மா வந்துடுச்சா, அம்மா வந்துடுச்சா" என்று கேட்டுக்கொண்டே போனாளாம்.

தாயும் சேயும் நலம். அதைச் சொல்லியே மேனேஜர் தப்பித்தார். "அதான் நல்லபடியா ஆச்சே, சாமி காப்பாத்திச்சு. டெக்னிக்கல் ப்ராப்ளம், நான் என்னா பண்றது?"

என்ன ப்ராப்ளம்? ஆரத்தி முடிந்து சொருகியதும் பெட்டியில் பச்சை விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. பயந்து கிடந்த பெண்ணுக்குப் பெற்றவள் முகத்தைக் காட்டவிடாமல் செய்தது நீங்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ரொம்பப் பேசாத" என்று பொரியை மென்றார். இத்தனைக்கும் பிறகு அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை, அந்த மனிதர்.

அடுத்த ஆண்டு அதே பூஜை நாள் காலை. வாட்ச்மேன் அந்த அக்காவிடம் டப்பாவை நீட்டினார். "யக்கா, போனப் போடு."

"மொதல்ல உள்ள போயி அந்தப் பொட்டி செவுத்துல இருக்குதா, சாமிகிட்ட இருக்குதான்னு பாத்துட்டு வா."

பின்னால் நின்ற பெண்கள் யாரும் டப்பாவில் போனைப் போடவில்லை. வாட்ச்மேன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "செவுத்துலதான்க்கா இருக்குது."

"இருக்கட்டும்" என்று சொல்லி, அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.