முனியம்மா ஊற்றிய தண்ணீர்

சாகும் தறுவாயில் இருக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுப்பவர் இந்துவாக இருக்கலாம், தண்ணீர் கடல் தண்ணீராகவும் இருக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். கூடுவாஞ்சேரி சந்தையில் இன்று நெத்திலிக் கருவாடு மணந்தபோது, பின்னாளில் கடல் எடுத்துக்கொண்ட எங்கள் குப்பமும், மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பிரசவம் பார்க்க வரும் முனியம்மாவும், வெங்காயம் உரித்தபடியே அம்மா அவளுக்கு மனப்பாடம் செய்வித்த ஞானஸ்நான வார்த்தைகளும் நினைவுக்கு வந்தன. குறைமாதத்தில் பிறந்த என் தம்பி மூச்சுத் திணறியபோது, மீன் அலச வைத்திருந்த கடல் தண்ணீரை அவன் தலையில் ஊற்றி முனியம்மா அந்த வார்த்தைகளைச் சொன்னாள். ஒரு மணி நேரம் இருந்தான்.

அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. பங்குச் சாமியார் தயங்கினார்.

"உப்புத் தண்ணின்னா உங்க சாமிக்கு ஆவாதா இன்னா? மரியக்கா சொல்லிக்குடுத்தத ஒரு எழுத்து வுடாம சொன்னேன்," என்றாள் முனியம்மா.

"ஆவும்மா. எதுக்கும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுடறேன்," என்றார் அவர்.

அதுவரைக்கும் என்று தம்பியை வேலிக்கு வெளியே புதைத்தார்கள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அம்மா அங்கே நின்று செபமாலை சொல்வாள். முனியம்மா கூடையோடு பக்கத்தில் நிற்பாள். ஞானஸ்நானம் செல்லும், உள்ளேயே புதைக்கலாம் என்ற பதில் வந்து சேர்ந்தது மறு வருடம் நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் கல்லறைத் திருநாளன்று.